கோர்ட்டா, லேபிளா, கடையா: அந்த சால்மனை மடக்கியது எது?

அமெரிக்காவில் சாப்பாட்டுக்கென்று அனுமதி பெற்ற முதல் மரபணு மாற்றிய விலங்கு ஒரு மீன். அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்து, அது வருஷம் முழுக்க வேலை செய்வதற்காக ஓஷன் பௌட் என்ற குளிர்கடல் மீனின் மரபணுத் துண்டையும் சேர்த்திருந்தார்கள். மூன்று வருஷம் வளர வேண்டிய மீன் ஏறக்குறைய பாதிக் காலத்தில் விற்பனைக்குத் தயார். 2015 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 2024 டிசம்பரில் இந்த மீனை வளர்த்து விற்ற அக்வாபவுண்டி நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது.

இடையில் எதிர்ப்பாளர்கள் மூன்று வழிகளில் மோதினார்கள்.

முதலில் கோர்ட். எஃப்டிஏ மீது 2016-இல் போட்ட வழக்கில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் குவினால்ட் பழங்குடியினரும் சேர்ந்தார்கள். சால்மன் அவர்களுக்கு வெறும் உணவு அல்ல. மீன்கள் எல்லாம் பெண், மலடு, தரைமேல் தொட்டியில்தான் வளர்கின்றன என்றது நிறுவனம். தப்பிக் கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை எஃப்டிஏ சரியாக அலசவில்லை என்று 2020 நவம்பரில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா தீர்ப்பளித்தார். வழக்கில் வெற்றிதான். ஆனால் அனுமதி ரத்தாகவில்லை. அடுத்த வருஷமே மீன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

மரபணு மாற்றியது என்று லேபிள் ஒட்டச் சொல்லிக் கேட்டது மூன்றிலும் நியாயமான கோரிக்கை, பலன்தான் குறைவு. 2016-இல் சட்டம் வந்து, 2022 ஜனவரியில்தான் கட்டாயமானது. அதிலும் ஹோட்டல்களுக்கு விலக்கு. தட்டில் வரும் மீனுக்கு லேபிள் எங்கே ஒட்டுவது! கனடாவில் இன்னும் மோசம்: 2017-இல் நாலரை டன் மீன் விற்றாகிவிட்டது என்று நிறுவனம் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. அங்கே லேபிள் கட்டாயம் இல்லை.

என் கணக்கில் கடைதான் ஜெயித்தது. அனுமதி வருவதற்கு முன்பே, 2013-இல், ஹோல் ஃபுட்ஸ், டிரேடர் ஜோஸ், ஆல்டி என்ற மூன்று சங்கிலிக் கடைகளும் இதை விற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. அப்புறம் பெரிய சங்கிலிக் கடைகள் பலவும் சேர்ந்தன. கடைக்காரர் அறிவியல் விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை, "இது அந்த மீனா?" என்று நாலு பேர் கேட்டாலே போதும். நிறுவனம் விழுந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஓஹையோவில் கட்டிய புதிய பண்ணையின் செலவு எகிறி, 2023-இல் வேலை நின்றுபோனது.

வாங்க மாட்டோம் என்ற இந்த ஆயுதம் நல்லது கெட்டது பார்க்காது என்பதும் உண்மை. சாணத்தில் பாஸ்பரஸைக் குறைத்து, நீர்நிலை மாசைத் தடுக்கலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் உருவாக்கிய என்விரோபிக் பன்றிக்கு, 2012-இல் ஒன்டாரியோ பன்றி வளர்ப்போர் அமைப்பு நிதியை நிறுத்தியது. வாங்க ஆள் இல்லை, பன்றிகளைக் கொன்றுவிட்டார்கள்.

சரி, அடுத்த மோதலும் பன்றியை வைத்துத்தான். 2025 ஏப்ரலில், பன்றிகளின் மூச்சையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் தாக்காத பன்றிக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. வேறு உயிரின் மரபணு எதுவும் சேர்க்கவில்லை; வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் சிடி163 என்ற பன்றியின் சொந்த மரபணுவில் ஒரு பகுதியை நீக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சால்மனை வாங்கும்போது முழு மீனையோ பெரிய துண்டையோ காட்டிக் கேட்கலாம். பல பண்ணைப் பன்றிகளின் இறைச்சி கலந்து அரைத்த சாசேஜில் எதைக் காட்டிக் கேட்பது? கடை அலமாரி வரை காத்திருந்தால் தாமதம். இறைச்சி ஆலை வாசலிலோ, அமெரிக்கப் பன்றிக்கறியை நிறைய வாங்கும் மெக்சிகோ, ஜப்பான் போன்ற நாடுகளின் துறைமுகத்திலோதான் இந்தமுறை கேட்க வேண்டியிருக்கும்.