சிவப்பு டேங்கும் மூன்று கசிவும்: ஐந்து வருடப் புழக்கத்தில் கண்டது

எங்கள் மீன்பிடி வள்ளத்தில் ஓடுவது 9.9 குதிரைசக்தி மோட்டார். பெட்ரோலில் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்பரேட்டரில் மிச்சம் கிடக்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட்டுத்தான் அணைப்போம். அதனால் வள்ளத்தில் எப்போதும் இரண்டு டேங்க். பெட்ரோலுக்குச் சின்னது, மண்ணெண்ணெய்க்கு 24 லிட்டர் பிடிக்கும் சிவப்பு பிளாஸ்டிக் டேங்க். இது அந்தச் சிவப்பின் கதை. 2019 கடைசியில் வாங்கி, 2024 கடைசியில் வேலையிலிருந்து எடுத்தோம். இடையில் மூன்று தடவை ஒழுகியது. மூன்றும் வேறு வேறு இடம்.

ஒழுகினால் என்ன, நாலு சொட்டு எண்ணெய் போகும், அவ்வளவுதானே என்று கடலுக்கு வராதவர்கள் கேட்பார்கள். எண்ணெய் போவது பெரிதில்லை. வள்ளத்து அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். அதில் மண்ணெண்ணெய் கலந்து மீனில் பட்டால் தொலைந்தது. எத்தனை தண்ணீர் ஊற்றி அலசினாலும் வாடை போகாது. ஏலத்தில் ஒருவர் மீனை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே போட்டால், பக்கத்தில் நிற்பவர் விலையே கேட்க மாட்டார். முதல் கசிவு எங்களுக்குத் தெரிந்ததே அப்படித்தான். இரண்டு கூடை சாளை மீனை உரத்துக்குப் போகிற விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் டேங்கைக் கரைக்குத் தூக்கி வந்து பார்த்தால் உடம்பு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. பெட்ரோல் ஒழுகினால் ஆவியாகிப் போய்விடும், அதில் எஞ்சின் தேயாமலிருக்கக் கலக்கும் 2டி ஆயிலின் கறை மட்டும் நிற்கும். மண்ணெண்ணெய் அப்படிப் போகாது. ஊர்ந்து ஊர்ந்து டேங்க் முழுக்கப் பரவி, எல்லா இடமும் ஒழுகுகிற மாதிரியே காட்டும். எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து, வீட்டிலிருந்து பிள்ளைக்குப் போடும் பவுடரை வாங்கி மேலெல்லாம் தூவினார். கொஞ்ச நேரத்தில் அளவு காட்டும் மீட்டரைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்தது. "லேய் மக்கா, டேங்குக்கு ஒண்ணுமில்ல. வாய்தான் ஒழுகுது" என்றார். அந்தப் பவுடர் வித்தையை இன்றுவரை விடவில்லை.

மீட்டரும், எண்ணெயை உறிஞ்சும் குழாயும் உட்காரும் தலைப்பகுதிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது தட்டையாகி, ஓரம் வெடித்திருந்தது. கடையில் அதே வளையம் கிடைக்கவில்லை. நான் புத்திசாலித்தனமாக சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன். மூன்றே வாரத்தில் அது ஊறி, உப்பி, அப்பளம் மாதிரி சுருண்டு வெளியே வந்துவிட்டது. டியூப் ரப்பருக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. அடுத்து, கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையைப் பிதுக்கி வைத்தேன். அது ஒரு மாதம் நின்று, பிறகு தோலாக உரிந்து வந்தது. கடைசியில் நாகர்கோவிலில் ஒரு கடையில் நைட்ரைல் ரப்பர் ஷீட் கிடைத்தது. எண்ணெய் படும் இடத்துக்கென்றே உள்ள ரப்பர். பழைய வளையத்தை அதன்மேல் வைத்து வரைந்து, பிளேடால் வெட்டிப் போட்டோம். 60 ரூபாய் செலவு. டேங்கை எடுக்கும்வரை அந்த இடம் ஒரு சொட்டுகூட விடவில்லை. ஒன்றே ஒன்று: திருகாணிகளைப் பலம் காட்டி முறுக்கக் கூடாது. அடியில் இருப்பது பிளாஸ்டிக், மரை அழிந்துவிடும். எதிரெதிர்த் திருகாணியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும்.

இந்தக் காலத்தில்தான் மச்சான் ஒரு வேலை செய்தான். ஒழுகுவதை நிறுத்துகிறேன் என்று மூடியில் இருக்கும் காற்றுத் திருகை இறுக மூடிவிட்டான். ஒழுகல் நின்றது. எட்டு பாகம் (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) ஆழத்துக்குப் போனதும் எஞ்சினும் நின்றது. எண்ணெய் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வழியில்லை. ஹோஸில் எண்ணெய் ஏற்றப் பிசையும் ரப்பர் பந்தைத் தொட்டால் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. திருகைத் திறந்ததும் டேங்க் ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இரண்டாவது கசிவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹோஸ் டேங்கில் மாட்டும் கனெக்டர். உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்கிற சின்ன ரப்பர் வளையம் தேய்ந்து, மாட்டும்போதெல்லாம் நனைந்தது. ஹோஸைப் பிடிக்கும் கிளிப்பும் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து வாய் திறந்திருந்தது. ரிங்கை மாற்றி, ஸ்டெயின்லெஸ் கிளிப்பாகப் போட்டதும் சரியானது. அரை மணி நேர வேலை.

மூன்றாவதுதான் என்னைப் படுத்தியது. 2023 ஜூன் மாதம். எங்கள் மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களைப் போன்ற வள்ளக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். கடலும் அப்போதுதான் முரடாக இருக்கும். அந்த நேரம் பார்த்து டேங்கின் அடி மூலையில் முடி மாதிரி ஒரு கோடு. இரண்டு விரற்கடை நீளம். தூக்கிப் பார்த்தால், டேங்க் உட்காரும் இடத்தில் வள்ளத்தின் பைபர் மேடைக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு கிளிஞ்சல் துண்டு. அலையில் வள்ளம் விழுந்து விழுந்து எழ, 20 கிலோ கனம் அந்தக் கிளிஞ்சல் மேலேயே எத்தனை நாள் குத்தியதோ. ஏற்கெனவே வெயிலில் காய்ந்து பழைய மிளகாய் நிறத்துக்கு வந்திருந்த பிளாஸ்டிக், அது எவ்வளவு தாங்கும்?

கடலில் வைத்துச் செய்தது சோப்பு வைத்தியம். துணி சோப்பை அழுத்தித் தேய்த்து விரிசலுக்குள் ஏற்றினோம். சோப்பு மண்ணெண்ணெயில் கரையாது, அதனால் கரை சேரும்வரை நின்றது. மறுநாள் தண்ணீர் பட்டதும் கரைந்து போனது. அடுத்தது, இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அப்பும் எபாக்சி பசை. கல்லு மாதிரி இறுகியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதாம் நாள் நகத்தால் நெம்பினேன், ஆறிய புண்ணின் பொருக்கு போல முழுசாகக் கையில் வந்தது. அடியில் பிளாஸ்டிக் பளபளவென்று, ஒன்றுமே ஒட்டாத மாதிரி. இந்த டேங்க் எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். சாதாரணப் பசை எதுவும் இதில் மேலாகத்தான் உட்காரும், பிடிக்காது. உருக்கி ஒட்டினால்தான் உண்டு.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளை உருக்கி ஒட்டித் தரும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே, "எண்ணெய் டேங்கா? வேண்டாம் தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் பயந்தது நியாயம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே இருப்பது எண்ணெய் இல்லை, எண்ணெய் ஆவியும் காற்றும். பெட்ரோல் டேங்காக இருந்திருந்தால் நானே கேட்டிருக்க மாட்டேன். எத்தனை தடவை கழுவினாலும் அதன் அருகே சூட்டுக்கோல் கொண்டுபோவது தற்கொலை. இதில் என்றைக்கும் மண்ணெண்ணெய் மட்டுமே ஊற்றியது என்று சத்தியம் செய்த பிறகு நிபந்தனை போட்டார். சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் விட்டு மூன்று முறை குலுக்கிக் கழுவி, மீட்டரைக் கழற்றி, நான்கு நாள் வாய் திறந்து காயவைத்துக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுபோனேன். திறப்புகளை அடைத்து, டேங்கைத் தலைகீழாக வைத்து, விரிசலுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். ஆவி தங்க இடமே இருக்கக் கூடாதாம். விரிசலின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டார், கோடு மேலே ஓடாமல் இருக்க. பிறகு நடுவே சாய்வாகச் செதுக்கி, வேறொரு எச்டிபிஇ கேனில் வெட்டிய கீற்றை வைத்து உருக்கத் தொடங்கினார். முதல் உருக்கிலேயே பிளாஸ்டிக் அப்பளம் பொரிகிற மாதிரி குமிழ் விட்டது. நாலு வருட மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் வெயில்ல போடுங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை குமிழ் வரவில்லை. 300 ரூபாய் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒழுகவில்லை. ஆனால் தண்ணீர் நிற்கிறதென்று நம்பக் கூடாது. தண்ணீர் நுழையாத சந்திலும் மண்ணெண்ணெய் நுழையும். மண்ணெண்ணெய் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.

அந்த ஒட்டு 14 மாதம் நின்றது. அதற்குப் பிறகு ஒட்டு விடவில்லை, ஒட்டின் ஓரத்தில் இருந்த பழைய பிளாஸ்டிக் வெளுத்துக் கசியத் தொடங்கியது. மறுபடி ஒட்டலாம் என்றான் மச்சான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர், ரிங், கிளிப் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். உடம்பு வெடித்த டேங்கை ஒரு தடவை ஒட்டியதே, சீசன் நடுவில் புது டேங்குக்குப் பணம் இல்லாததால்தான். கையில் காசிருந்தால் அந்த 14 மாதமும் வேண்டாம் என்பேன். பெட்ரோல் டேங்கில் விரிசல் விட்டால் யோசிக்கவே வேண்டாம், அன்றே மாற்றுங்கள்.

சின்ன டேங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரத் தொடங்கிய பிறகு அதன் பழைய ஓ-ரிங் உப்பி, கழற்றினால் திரும்பப் பள்ளத்தில் உட்காரவில்லை. எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் ரிங் போட்டபின் தொந்தரவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அதில் மூன்று நாள் தேவைக்கு மேல் ஊற்றி வைப்பதும் இல்லை.

புது டேங்க் ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. அதன் அடியில் பழைய வலையை நாலாக மடித்துப் போட்டு, இருபுறமும் வார் கட்டியிருக்கிறேன். தினமும் தூக்கி அடியில் தடவிப் பார்க்கிறேன், கிளிஞ்சல் பயம். 22 லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. விடியற்காலையில் முட்ட நிரப்பினால் உச்சி வெயிலில் எண்ணெய் விரிந்து கால் லிட்டருக்கு மேல் மேலேறும், அது மூடி வழியாகத்தான் வெளியே வரும். அதையும் கசிவு என்று நினைத்து நாங்கள் ஒரு நாள் வீணாக்கியிருக்கிறோம்.

பழைய சிவப்பை எறியவில்லை. வாயை அடைத்து வலையின் கடைசியில் மிதவையாகக் கட்டியிருக்கிறோம். நிறம் மங்கினாலும் தூரத்திலிருந்து தெரிகிறது. மாதம் ஒருமுறை திறந்து கவிழ்த்தால் ஒரு தம்ளர் தண்ணீர் வரும்.