ஃபோர்க்கைத் திறக்கவே இல்லை: 'ட்ராக் செட்டப்' செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

பைக்கை ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்யச் சேலத்தில் யாரிடமாவது விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த செட்டிங்கை நம்பி இரண்டு செஷன் ஓட்டினேன், அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், அது முடியட்டும்.

என் வண்டி அப்பாச்சி ஆர்ஆர் 310. டைனமிக் கிட்டோடு வாங்கியது, அதனால் சஸ்பென்ஷனை நாமே அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். 16,000 கிலோமீட்டர் ஓடியும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. என் எடை 86 கிலோ. லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டினால் 95ஐத் தாண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் மடமடவென்று இறங்கிவிடும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ட்ராக் டேவுக்கு (நம் வண்டியை ட்ராக்கில் ஓட்ட விடும் நாள்) பணம் கட்டியிருந்தேன். அதற்குள் இதைச் சரி செய்துவிடலாம் என்றுதான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் வண்டியை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "தம்பி, உங்க வெயிட்டுக்கு இந்த ஸ்பிரிங் பத்தாதுங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு, மூணையும் மாத்திரலாம். ஆயிலும் புதுசா ஊத்திரலாம்" என்றார். அவர் சொன்ன வைத்தியம் சரியான வைத்தியம்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. முன் ஸ்பிரிங் 9,000, பின் ஸ்பிரிங் 4,500, ஆயில் 1,600, கூலி 3,400. பத்தாயிரம் முன்பணம் ஜிபேயில், மீதி ரொக்கம். கொடுத்த பில்லில் 'சஸ்பென்ஷன் ஒர்க்' என்று ஒரே வரி.

ஒன்று மட்டும் அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். கடைசிவரை அவர் என் எடை எவ்வளவு என்று கேட்கவே இல்லை. எடை தெரியாமல் ஸ்பிரிங் ரேட்டை, அதாவது ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை, முடிவு செய்ய முடியாது. அளவு எடுக்காமல் சட்டை தைக்க முடியுமா? அந்த மாதிரிதான்.

மூன்று நாள் கழித்து வண்டியை எடுத்தேன். ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினால் கல் மாதிரி இருந்தது. "பழைய ஸ்பிரிங் எங்கண்ணா?" என்று கேட்டதற்கு, "ஸ்கிராப்ல போயிருச்சுங்க தம்பி" என்றார். அடுத்த நாள் விடிகாலை ஏற்காட்டுக்கு ஏறினேன். மலையில் வேகம் பார்ப்பதற்காக இல்லை. அங்கே எதிரே பஸ் வரும், ரோட்டில் குரங்கு உட்கார்ந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி எப்படித் திரும்புகிறது என்று நிதானமாகப் பார்க்கத்தான் போனேன். தார் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்திலும் முன்சக்கரம் தத்தியது. பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக மணிக்கட்டுக்கு வந்தது. ஏற்காட்டிலிருந்தே போன் செய்தேன். "ட்ராக் செட்டப்னா அப்படித்தாங்க இருக்கும். ரோட்டுல தெரியாது, ட்ராக்குல போட்டுப் பாருங்க" என்றார்.

இந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ட்ராக்குக்கு ஒழுங்காக செட் செய்த வண்டி ரோட்டில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்தான். ஆனால் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. சஸ்பென்ஷன் இருப்பதே டயரைத் தரையோடு ஒட்ட வைப்பதற்கு. தத்துகிற டயருக்கு எங்கேயும் பிடி கிடையாது.

ட்ராக்கில் முதல் செஷன் மெதுவாகத்தான் போனது, தாங்கியது. இரண்டாவது செஷனில் வேகம் கூடியது. பிரேக் பிடிக்கும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். முதல் மேட்டில் ஃபோர்க் அமுங்கியது, மேலே வருவதற்குள் அடுத்த மேடு, பிறகு அடுத்தது. ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் கீழே போய், கடைசியில் அமுங்க இடமே இல்லாமல், வண்டியைச் சாய்த்த உடனே முன்டயர் வழுக்கிவிட்டது. இடது பக்கமாகச் சறுக்கிப் போனேன். மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டு. கியர் லீவர் வளைந்தது, ஃபேரிங்கில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். நல்ல ரைடிங் கியர் (லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ்) போட்டிருந்ததால் அதோடு போயிற்று.

பேடாக்கில் (ட்ராக்கில் வண்டிகளை நிறுத்தும் இடம்) பக்கத்தில் இருந்த ஈரோட்டுக்கார அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். "செட்டிங் எழுதிக் குடுத்தாங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஃபோர்க்கின் ரீபவுண்ட் திருகை வலது பக்கம் திருப்பினார். நகரவில்லை. பின்ஷாக்கிலும் அதே கதை. ரீபவுண்ட் என்றால் அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் திரும்பி வரலாம் என்பதற்கான கட்டுப்பாடு. அதை முழுக்க மூடியிருந்தார்கள், அதனால் ஸ்பிரிங் மிக மெதுவாகத்தான் திரும்பி வரும். மேட்டுக்கு மேடு வண்டி கீழே இறங்கிக்கொண்டே போனதன் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் டேப் எடுத்து அளந்தார். பின்பக்கம் ஆள் ஏறாமல் வண்டி தன் எடைக்கு 1 மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. நான் கியரோடு உட்கார்ந்தால் 24 மில்லிமீட்டர். "ஆள் உட்கார்ந்தா வர்ற கணக்கு ஏறக்குறைய சரிங்க. ஆனா சும்மா நிக்கறப்ப கொஞ்சங்கூட இறங்கலன்னா ஸ்பிரிங் மெலிசு, பிரீலோடை வெச்சு முட்டுக் குடுத்திருக்காங்க. புது ஸ்பிரிங் போட்டிருந்தா இவ்வளவு பிரீலோடே தேவைப்படாதுங்க" என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு எடை வேண்டுமோ, அது அப்படியேதான் இருக்கும். சுமை ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நெரித்து வைக்கிறோம், அதனால் வண்டி உட்காரும் உயரம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் கையால் அமுக்கிப் பார்க்கும்போது நம் பலமெல்லாம் அந்த நெரிப்பைத் தாண்டவே செலவாகிவிடும். கல் மாதிரி இருக்கிறதே, புது ஸ்பிரிங்தான் என்று நம்பிவிடுவோம். பிரீலோடைத் திருப்ப ஒரு சி ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பத்து நிமிஷத்தில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய எந்த வண்டியையும் இப்படி ஆக்கிவிடலாம்.

சேலம் திரும்பி, கட்டுப் பிரித்த பிறகு, அம்மாப்பேட்டையில் நண்பன் வீட்டு ஷெட்டில் ஃபோர்க்கைக் கழற்றினோம். ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்தோம். ஃபோர்க்கை வண்டியோடு பிடித்திருக்கும் ட்ரிபிள் கிளாம்ப் போல்ட்டில் கம்பெனியில் போட்ட பெயின்ட் கோடு நூல் பிசகாமல் அப்படியே இருந்தது. இந்த மாதிரித் தலைகீழ் ஃபோர்க்கில் ஆயில் மாற்ற அந்த போல்ட்டைத் தளர்த்தி ஃபோர்க்கை வெளியே எடுத்தாக வேண்டும். அங்கேயே பாதி புரிந்துவிட்டது. மேல்மூடியைத் திறந்து, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ஆயிலைக் கவிழ்த்தோம். சாம்பல் நிறத்தில், அலுமினியத் துகள் மினுமினுக்க, அழுகிய மீன் நாற்றத்தோடு வந்தது. புது ஆயிலாம், 1,600 ரூபாயாம்! நண்பனும் அதே கிட் போட்ட ஆர்ஆர் 310தான் வைத்திருக்கிறான். அவன் ஃபோர்க்கையும் அன்றைக்கே ஆயில் மாற்றத் திறந்திருந்தோம். இரண்டு வண்டி ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்து வெர்னியர் பிடித்தோம். நீளம், கம்பியின் தடிமன், சுற்று எண்ணிக்கை, மூன்றும் ஒன்றேதான். கம்பி துளி தடித்தாலே ஸ்பிரிங்கின் கடினம் நிறைய கூடிவிடும், அதனால் வேறு ஸ்பிரிங் என்றால் அளவிலேயே தெரிந்திருக்கும்.

பட்டறைக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். முதலில் "நீங்க போன ஸ்பீடுக்கு அப்படித்தாங்க ஆகும்" என்றார். பெயின்ட் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டியதும் "பசங்க பண்ணின தப்புங்க தம்பி" என்று 3,000 ரூபாயை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. சின்னப் பையன்கள் நிறைய பேர் அங்கே வண்டி விடுகிறார்கள். என் ஒருவனோடு போகிற விஷயமாக இதை விட எனக்கு மனம் வரவில்லை.

பட்டறையில் வண்டி விடும் முன் நீங்களே சேக் (சுமை ஏறும்போது வண்டி இறங்கும் அளவு) அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையில் ஒரு அளவு. நீங்கள் முழு கியரோடு ஏறி உட்கார்ந்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் எடுப்பது அடுத்த அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். உட்கார்ந்த அளவை எடுக்கும்போது வண்டியை ஒரு தடவை அமுக்கி மெதுவாக எழ விட்டும், ஒரு தடவை தூக்கி மெதுவாக இறங்க விட்டும் அளந்து சராசரி எடுங்கள். ஆயில் சீலின் உராய்வால் இரண்டும் ஒன்றாக வராது. பின்பக்கம் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சீட் பகுதியில் ஒரு டேப் துண்டு ஒட்டி அங்கிருந்து அளக்கலாம். ட்ராக்குக்கு என்றால் முன்பக்கம் 30 முதல் 35, பின்பக்கம் 25 முதல் 35 மில்லிமீட்டர் வந்தால் ஆரம்பிக்க நல்ல இடம். பின்பக்கம் ஆள் இல்லாமலும் 5, 10 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். ரீபவுண்ட், கம்ப்ரஷன் (அமுங்கும் வேகத்துக்கான கட்டுப்பாடு) திருகுகள் முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கின்றன என்றும் குறித்து வையுங்கள். போல்ட்டுகளைப் போட்டோ எடுங்கள். டயரின் காற்றழுத்தம் சரியில்லாமல் இதையெல்லாம் பார்த்துப் பயனில்லை, அதை முதலில் பாருங்கள்.

பழைய ஸ்பிரிங் உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பில்லில் ஸ்பிரிங் ரேட் (கடின அளவு), ஆயிலின் பெயர், கூலி எல்லாம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். என்னிடம் அந்த ஒற்றை வரி பில்லும் ஜிபே பதிவும்தான் இருக்கின்றன, மீதி ரொக்கத்துக்குச் சான்று இல்லை. அது இப்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். வடித்த ஆயிலைப் பாட்டிலில் மூடி, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் சேலத்தில் எங்காவது இதே வேலை செய்து வாங்கியிருந்தால், அடுத்த தடவை ஏற்காட்டுக்குக் கிளம்பும் முன் ரீபவுண்ட் திருகை வலது பக்கம் திருப்பி, எத்தனை கிளிக் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், எண்ணியதும் அதே அளவு திரும்பத் திறந்துவிடுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.