ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் கவனத்துக்கு: மதியச் சாப்பாட்டுப் பலகையை நம்பி நாங்கள் ஏமாந்தது

ஸ்டாக்ஹோமுக்குப் பயணம் போடுகிறவர்கள், அதிலும் சைவம் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2024 அக்டோபரில் எனக்கும் அம்மாவுக்கும் நடந்தது இது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 64 வயதுவரை முட்டைகூடத் தொடாத அம்மாவின் வாயில் பன்றி இறைச்சி போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

என் கணவருக்கு அங்கே ஒரு வாரம் அலுவலகப் பயிற்சி. நானும் அம்மாவும் சொந்தச் செலவில் கூடப் போனோம். அந்த ஊரில் வெளியே சாப்பிட்டால் கையைக் கடிக்கும் என்று தெரிந்துதான் போனோம். அதற்கு ஒரு வழி உண்டு என்றும் படித்திருந்தேன். 'டாகன்ஸ் லஞ்ச்' என்பார்கள். அன்றைய மதியச் சாப்பாடு என்று அர்த்தம். திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள், ஒரே விலைக்கு ஒரு முக்கிய உணவு, சாலட், ரொட்டி, வெண்ணெய், தண்ணீர், காபி எல்லாம் சேர்த்துத் தருவார்கள். நாங்கள் போனபோது பல இடங்களில் 120 முதல் 160 குரோனா வரை இருந்தது. அப்போது ஒரு குரோனா கிட்டத்தட்ட 8 ரூபாய். அதே கடையில் சாயங்காலம் போனால் ஒரு தட்டுக்கே இரண்டு பங்கு கேட்பார்கள்.

வியாழக்கிழமை அன்று கணவர் அலுவலகம் போய்விட்டார். நாங்கள் இருவரும் கம்லா ஸ்தான் என்கிற பழைய நகரத்தைச் சுற்றினோம். அங்கே 90 சென்டிமீட்டர் அகலம் மட்டுமே உள்ள ஒரு குறுகல் சந்தில் அம்மா இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டே படியேறினார். நல்ல குளிர். சுடச்சுட ஏதாவது உள்ளே போனால் தேவலை என்றார்.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் முக்கியத் தெருவில் ஒரு உணவகம். வாசலில் கரும்பலகை: டாகன்ஸ் லஞ்ச், 11 முதல் 14 வரை, 135 குரோனா. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் அம்மாவை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் நேரம் 1:22 என்று இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையே 'டாகன்ஸ் லஞ்ச், இரண்டு பேர்' என்பதுதான். பரிமாறுபவர் தலையாட்டிவிட்டு இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து, நாங்கள் கேட்காமலே மூடியைத் திருகித் திறந்து வைத்தார். ஒரு ரொட்டிக் கூடையும் வந்தது. அப்புறம் ஆளைக் காணோம். இரண்டு முறை கை காட்டினேன். 'இதோ, இதோ' என்று சொல்லிக்கொண்டே வேறு மேசைகளுக்குப் போய்விட்டார்.

கடைசியில் அவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று வியாழன் என்பதால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் இருப்பதாகச் சொன்னார். ஸ்வீடனில் வியாழக்கிழமை என்றாலே மஞ்சள் பட்டாணி சூப்தான். வெள்ளிக்கிழமை விரதம் இருந்த கத்தோலிக்கக் காலத்தில், முந்தின நாள் வயிறு நிறையச் சாப்பிட ஆரம்பித்த பழக்கம் என்பார்கள். 1577-இல் பதினான்காம் எரிக் மன்னரை விஷம் வைத்துக் கொன்றதே பட்டாணி சூப்பில்தான் என்றும் ஒரு கதை உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டுப் போன நான், அந்தச் சூப்பில் வழக்கமாகப் பன்றி இறைச்சி போடுவார்கள் என்ற ஒன்றை மட்டும் படிக்காமல் போய்விட்டேன்.

ஆனால் கேட்டேன். 'அம்மா இறைச்சி சாப்பிட மாட்டார், இது சைவமா?' என்று தெளிவாக ஆங்கிலத்தில் கேட்டேன். 'ஆமாம், ஆமாம், பட்டாணி' என்றார். பான்கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் அதை நான் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்குக் காளான் போட்ட ஒரு பாஸ்தா சொன்னேன்.

சூப் வந்தது. நம் ஊர்ப் பருப்பைக் குழைய வேகவைத்த மாதிரி மஞ்சளாக, கெட்டியாக, ஆவி பறக்க. ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது. அம்மா சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தார். நாலைந்து கரண்டி போயிருக்கும். கரண்டியை உயர்த்திப் பிடித்து, "இதென்ன கண்ணு, நாரு நாரா இருக்குது?" என்றார். கரண்டி விளிம்பில் வெளிறிய ரோஸ் நிறத்தில் நூல் மாதிரி ஒன்று தொங்கியது. எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பரிமாறுபவரைக் கூப்பிட்டேன். "கொஞ்சம்தான் பன்றி இறைச்சி, எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடலாமே" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் 'போர்க்' என்ற சொல் புரிந்துவிட்டது. கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டோரம் வைத்தார். கழிவறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் அழாத குறை.

சூப்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அதற்கிடையில் இரண்டு காபி வந்தது. டாகன்ஸில் காபி சேர்ந்ததுதான் என்று நினைத்து நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பில் வந்தது.

சூப்பும் பான்கேக்கும் 195. பாஸ்தா 225. தண்ணீர் இரண்டு பாட்டில் 110. ரொட்டி 45. காபி இரண்டு 90. மொத்தம் 665 குரோனா. பலகையில் போட்டிருந்தபடி பார்த்தால் 270தான் வந்திருக்க வேண்டும். 1:22-க்கு வந்தோம், உட்கார்ந்ததுமே டாகன்ஸ் என்றுதானே சொன்னோம் என்று கேட்டேன். பில்லில் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஆர்டர் எடுத்த நேரம் 14:06. இரண்டு மணிக்கு மேல் சொன்னால் சாதாரண விலைதானாம். சாப்பிடாத சூப்புக்கும் காசு குறைக்க முடியாது என்றார்.

சண்டை போட்டிருக்கலாம். அம்மா என் கையைப் பிடித்து, "போச்சாது, உடு கண்ணு, இங்கிருந்து போலாம்" என்றார். அவரை அங்கே இன்னும் பத்து நிமிஷம் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. கார்டை நீட்டினேன். இயந்திரத்தை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு ஏதோ இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டு, எண்ணை மட்டும் போடச் சொல்லி நீட்டினார். வெளியே வந்து வங்கிச் செய்தியைப் பார்த்தால் 6,291 ரூபாய். ரசீதை விரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 10 சதவீதம் டிப்ஸ் சேர்த்து 731.50 குரோனா ஆக்கியிருக்கிறார். அதையும் குரோனாவில் எடுக்காமல் ரூபாய்க்கு மாற்றி, குரோனாவுக்கு 8.60 என்று போட்டிருக்கிறார்கள். அன்றைய விலை 8.10-ஐ ஒட்டித்தான் இருந்தது.

ராத்திரி கணவருடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ரசீதையும் பலகைப் படத்தையும் காட்டினோம். அவர் கோபப்பட்டதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் சொன்னவையும், மீதி நாட்களில் நாங்களே கண்டுகொண்டவையும்தான் இனி எழுதுவது.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 'க்ரான்வத்தன்' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர். மேலாரன் ஏரியிலிருந்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம். உணவகங்களில் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். மூடி திறக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிப்ஸ் கட்டாயமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. இயந்திரம் உங்கள் கைக்கு வரட்டும். சதவீதம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ரூபாயா குரோனாவா என்று கேட்டால் எப்போதும் குரோனாதான். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருக்கும் உங்களுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. வெளிநாட்டில் ரூபாயில் எடுத்தால் அதற்கும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் நம் ஊரில் இருக்கின்றன. பணத்தாளை நம்பியும் போகாதீர்கள். நிறையக் கடைகளில் கார்டு மட்டும்தான்.

சைவக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். ஐரோப்பிய விதிப்படி ஒவ்வாமை தரும் 14 பொருட்களைக் கேட்டால் கடைக்காரர் சொல்லியே ஆக வேண்டும். பட்டாணி சூப்பில் கிடக்கும் பன்றி அந்தப் பதினான்கில் இல்லை. அதனால் சைவமா என்று பொதுவாகக் கேட்டு நிறுத்தாதீர்கள். 'ஃப்ளெஸ்க்' இருக்கிறதா என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், அதுதான் பன்றி இறைச்சி. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஊர்ப் புகழ்பெற்ற இறைச்சி உருண்டையில் வழக்கமாக மாடும் பன்றியும் கலந்திருக்கும்.

எந்தக் கடை என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? உள்ளூர்க்காரர் சொன்ன அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. வாசலிலேயே முதலில் காசைக் கட்டிவிட்டு, தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போகும் இடமாகப் பாருங்கள். நேரம், விலை பற்றி அப்புறம் யாரும் உங்களோடு வாதாட முடியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை குங்ஸ்ஹோல்மன் பகுதியில் அப்படி ஒரு இடத்துக்குப் போனோம். அலுவலக ஆட்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு 139 குரோனா. கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும், சாலட் வேண்டிய மட்டும், மொறுமொறு ரொட்டி, காபி. பரிமாறிய பெண் அம்மாவுக்காக உள்ளே போய்ச் சமையல்காரரையே கேட்டுவிட்டு வந்து, வெண்ணெய், பால் தவிர வேறொன்றும் இல்லை என்றார். ஒரே ஊர்தான், நான்கைந்து கிலோமீட்டர்கூட இல்லை.

சனி, ஞாயிறில் இந்த மதியச் சாப்பாடு பெரும்பாலான இடங்களில் கிடையாது. சனிக்கிழமை என்றால் ஹேடோரியெத் சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் சந்தை மண்டபம் கைகொடுக்கும். எதிரே குங்ஸ்ஹாலன் என்று பல கடைகள் ஒரே கூரையின் கீழ். ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) வைத்த சுருள் ஒன்று வாங்கினால் எனக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதி போதுமாக இருந்தது. மீன் சாப்பிடுகிற என் கணவர் ஸ்லுசன் பக்கம் வண்டிக்கடையில் பொரித்த ஹெரிங் மீனும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்.

கடையின் பெயரை இங்கே நான் போடவில்லை. அந்தத் தெருவில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. கடைக்கு எழுதிய மடலுக்குப் பதிலே வரவில்லை. வங்கியோ, ரகசிய எண் போட்டது நீங்கள்தானே என்று கையை விரித்துவிட்டது. சூப் பற்றி மட்டும் அந்த நகராட்சியின் உணவுக் கண்காணிப்புத் துறைக்கு ரசீதோடு புகார் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால் நீங்களும் எழுதுங்கள்.

அந்த வியாழன் ராத்திரி அம்மா எதுவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். தங்கியிருந்த இடத்தில் சின்னச் சமையலறை இருந்தது. பக்கத்து ஈகா மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் பாஸ்மதி அரிசியும், 'ஃபில்மியெல்க்' என்று அட்டைப் பெட்டியில் விற்கும் புளித்த பாலும் வாங்கிவந்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பால் மட்டும்தானா என்று மூன்று முறை கேட்டார். சோற்றைக் குழைய வடித்து அதை ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். முதல் வாயை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "மோருதான் கண்ணு இது" என்று சொல்லி, அப்புறம்தான் விழுங்கினார்.