ஆபிஸ் 2024-ஆ, மைக்ரோசாஃப்ட் 365-ஆ?

ஒரே தடவை பணம் கட்டி வாங்குவது ஆபிஸ் 2024. சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டியது 365. இரண்டிலும் அதே வேர்டு, அதே எக்செல்தான். சந்தாவில் இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க 1 டெராபைட் ஒன்டிரைவ் இடமும், வந்துகொண்டே இருக்கும் புது வசதிகளும் உண்டு. ஆனால் சந்தா முடிந்து கொஞ்ச நாள் கழித்து வேர்டில் ஒரு கோப்பைத் திறந்தால் படிக்கலாம், அச்சிடலாம். ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. நாம் எழுதிய கடிதத்தைத் தொடவே வாடகை கட்ட வேண்டுமா? எனக்கு இது உறுத்துகிறது. 2011-இல் ஆபிஸ் 365 என்ற பழைய பெயரில் இந்தச் சந்தா வந்ததிலிருந்தே நிறுவனம் நம்மை அந்தப் பக்கம்தான் நகர்த்துகிறது, வருமானம் தவறாமல் வருமே.

2024 பதிப்பு ஒரே கணினிக்குத்தான். பாதுகாப்புத் திருத்தங்களும் 2029 அக்டோபரோடு நின்றுவிடும். இருந்தும், கடிதம், கணக்கு போதும் என்பவருக்கு அதையே சொல்வேன். கைபேசி, டேப்லெட், மடிக்கணினி என்று மாறி மாறி வேலை செய்பவர் சந்தாவுக்கே போகலாம்.