லேபர் கட்சியின் 3 பவுண்டு ஓட்டு: சரக்கு நல்லது, உத்தரவாதம்தான் இல்லை

விற்பனையிலிருந்து எடுத்துவிட்ட சரக்குக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். இடதுசாரி ஒருவர் பெரிய கட்சிக்குள் புகுந்து அதைப் புரட்டிப் போடுவார் என்ற பேச்சு எங்காவது கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவன் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2015 கோடையில் பிரிட்டனின் லேபர் கட்சி 'பதிவுபெற்ற ஆதரவாளர்' என்றொரு திட்டம் வைத்திருந்தது. உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. 3 பவுண்டு கட்டினால் தலைவர் தேர்தலில் ஓட்டு. பெயர், முகவரி, கட்சியின் நோக்கங்களை ஏற்கிறேன் என்று ஒரு டிக், அவ்வளவுதான். குறுஞ்செய்தி அனுப்பியும் சேரலாம். நான் வேலையிடத்தில் டீ இடைவேளையில் சேர்ந்தேன், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "மச்சான், இந்தக் காசுக்கு உனக்கு ஒரு கட்சித் தலைவரா?" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

போட்டியிட்டவர்கள் நான்கு பேர்: ஆண்டி பர்னம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல், இடதுசாரியான ஜெரமி கார்பின். போட்டியிட 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டும். கார்பினுக்குக் கடைசி நிமிடங்களில்தான் கணக்கு சரியானது, மொத்தம் 36. அதிலும் சிலர் விவாதம் சூடாக இருக்கட்டும் என்று இரவலாகப் போட்ட கையெழுத்து. இவராவது ஜெயிப்பதாவது என்ற நம்பிக்கை! செப்டம்பரில் அவர் முதல் சுற்றிலேயே 59.5 சதவீதம் வாங்கினார். 3 பவுண்டுக்காரர்களில் மட்டும் கிட்டத்தட்ட 84 சதவீதம்.

சொன்ன பொருளைச் சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். அதில் குறையே இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே தலைவர் மட்டும்தான் இருந்தார்.

கட்சி என்பது யார்? நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிற எம்.பி.க்கள், தலைமையகம், செயற்குழு, தொகுதியில் வேட்பாளரைப் பொறுக்கும் கமிட்டி. என் ஓட்டு இவர்களில் ஒருவரையும் தொடவில்லை. 2016 ஜூனில் கார்பின்மீது சொந்த எம்.பி.க்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள்: எதிராக 172, ஆதரவாக 40. மறுபடி தேர்தல். இந்த முறை விலை 25 பவுண்டு, சேர இரண்டே நாள் அவகாசம். எட்டு மடங்கு விலை ஏற்றினால் கூட்டம் குறையும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. முணுமுணுத்துக்கொண்டே நானும் கட்டினேன். அவர் 61.8 சதவீதத்தோடு வந்தார். எதிரே இருந்த 172 பேரும் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் லேபர் 40 சதவீதம் வாங்கியது. ஆட்சி கிடைக்கவில்லை, ஆனாலும் 30 இடம் கூடியது. கட்சியை உள்ளே மாற்றியிருக்க வேண்டிய நேரம் அதுதான் என்பது என் எண்ணம். கட்சியின் பொதுச் செயலாளர் பதவி கார்பினின் ஆளிடம் வரவே 2018 ஆகிவிட்டது. எம்.பி.க்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் தொகுதிக் கட்சியினரிடம் திரும்ப ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு மாநாட்டில் பாதி வழியில் விட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக் கிளைகள் கேட்டால் மட்டுமே மறுதேர்வு என்றார்கள். தொழிற்சங்கங்களும் அதற்கே கை தூக்கின. வெளியிலிருந்து யாரும் தடுக்கவில்லை, தலைமையே தயங்கியது. எனக்கு இதில்தான் கோபம்.

யூத வெறுப்புப் புகார்களைக் கட்சி கையாண்ட விதத்தில் சட்டமீறல் இருந்ததாக 2020இல் சமத்துவ ஆணையம் சொன்னது. இதையும் எதிராளிகளின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2019 பொதுத்தேர்தல் தோல்வியோ, 202 இடம், அதைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்தாயிற்று.

அப்புறம், திரும்பப் பெறும் வசதி. வாங்கியவருக்கு அது இல்லை, விற்றவருக்கு இருந்தது. கியர் ஸ்டார்மர் தலைவரான பிறகு, 2021 மாநாட்டில் இந்தத் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். போட்டியிட 20 சதவீத எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்றும் விதி வந்தது. 2015இல் அது 15, கார்பின் காலத்தில் 10 வரை இறங்கியிருந்தது. கார்பினையே கட்சியிலிருந்து வெளியேற்றினார்கள். 2024இல் தன் தொகுதியான இஸ்லிங்டன் நார்த்தில் சுயேச்சையாக நின்று லேபர் வேட்பாளரைத் தோற்கடித்தார்.

ஒன்றுமே மிஞ்சவில்லையா? கார்பினின் வாக்குறுதிகளில் ரயில் மிஞ்சியது. பயணிகள் ரயில் சேவையைப் பொதுத்துறைக்குக் கொண்டுவரும் சட்டத்தை 2024இல் நிறைவேற்றியது ஸ்டார்மர் அரசுதான். பல்கலைக்கழகக் கட்டண ஒழிப்பை வழியிலேயே கைவிட்டார்கள்.

இதே மாதிரி சரக்கை யாராவது உங்களிடம் நீட்டினால், வேட்பாளரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விதிப்புத்தகத்தைக் கேளுங்கள். எம்.பி. வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், விதியைத் திருத்த யாருக்கு எத்தனை கை வேண்டும் என்று பாருங்கள். பதில் சரியாக வந்தால் பணத்தைக் கட்டலாம்.

3 பவுண்டுக்கு நான்கு நட்சத்திரம். 25 பவுண்டுக்கு இரண்டு.