மூளைப் பயிற்சிச் செயலி: நான்கு மாதம் ஆடிப் பார்த்தேன்

அம்மாவுக்குக் கடைசி ஆறு வருடம் டிமென்ஷியா. என்னைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று அவர் கேட்ட நாள் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அதனால்தான் 54 வயதில், தெரிந்தவர்களின் பெயர் சட்டென்று வாயில் வராமல் போனதும் பயந்துவிட்டேன். அன்று இரவே ஒரு மூளைப் பயிற்சிச் செயலியை இறக்கினேன்.

எடுத்தவுடன் ஒரு சோதனை. சீட்டுகள் ஒரு நொடி முகம் காட்டிவிட்டுக் கவிழும். எது எங்கே இருந்தது என்று தொட வேண்டும். அடுத்ததில் 'சிவப்பு' என்ற சொல் நீல நிற எழுத்தில் வரும். சொல்லைத் தொடுவதா, நிறத்தைத் தொடுவதா என்று புரிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உடனே திரை முழுக்க ஒரு வரி: உங்கள் மூளை வயது 68. அதற்கு அடியிலேயே வருடச் சந்தாவுக்கான பொத்தான். மணி இரவு பதினொன்று. கண்ணில் அம்மாவின் முகம்தான் வந்தது. கட்டிவிட்டேன்.

ஆட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன, குறிப்பாகச் சீட்டு ஆட்டம். தினமும் 15 நிமிடம். மூன்றே வாரத்தில் மூளை வயது 47 என்று காட்டியது. அவ்வளவு நிம்மதி எனக்கு! அப்புறம் ஒரு நாள், 23 வயது மகளிடம் கொடுத்து ஆடச் சொன்னேன். முதல் தடவை அவளுக்கு 61. மறுநாள் 39.

"விதி புரிஞ்சிடுச்சும்மா, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கும் அதுதான் நடந்திருக்கிறது. கை பழகியிருக்கிறது. ஆட்களின் பெயர் மட்டும் முன்போலவே மறந்துகொண்டிருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இப்படிப்பட்ட பயிற்சிகளைச் செய்திருக்கிறார்கள். பழகிய ஆட்டங்களில் தேறினார்கள். பழகாத சோதனைகளில், அவை அந்த ஆட்டங்களுக்கு மிக நெருக்கமாக இருந்தும்கூட, பலன் தெரியவில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. வேகத்துக்கும் பகுத்தறிதலுக்கும் எடுத்த பயிற்சியின் பலன், அந்தந்தத் திறமையில் பத்து வருடம் கழித்தும் தங்கியிருந்தது. நினைவாற்றலுக்கு எடுத்த பயிற்சியின் பலன் தங்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான்.

என்னை மிகவும் வருத்தியது வியாபாரப் பக்கம். லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்தும் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வயதால் வரும் மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடலாம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. கூகுளில் மறதி, டிமென்ஷியா, அல்சைமர் தொடர்பான சொற்களைத் தேடுகிறவர்களுக்குத் தன் விளம்பரம் வரும்படி காசு கொடுத்து ஏற்பாடு செய்திருந்ததாம். அம்மாவைப் பறிகொடுத்த ஒருத்தி நடுராத்திரியில் எந்தச் சொல்லைத் தேடுவாளோ, அதே சொற்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். எப்படித் தூங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். செயலி நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

பொழுதுபோக்காக ஆடுவதென்றால் ஆடுங்கள், இலவசப் பகுதியே போதும். பயத்தில் இருக்கும்போது மட்டும் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. நான் அப்படி நினைத்துத்தான் விட்டேன். மறுபடியும் ஒரு வருடத்துக்குப் பணம் போய்விட்டது. செயலி வாங்கிய ஸ்டோரில் உங்கள் கணக்கைத் திறந்து, சந்தாக்கள் என்ற இடத்தில் போய் ரத்து செய்யுங்கள். ரத்தானதாக மின்னஞ்சல் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.