கற்பனை ஊர் கட்ட சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்: ஒரு மதிப்புரை

நாவலுக்காகப் புதிதாக ஒரு நாட்டை உண்டாக்குகிறவர்கள் பெரும்பாலும் கொடி, வம்சம், மொழி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நாலாவது அத்தியாயத்தில் ஆறு மேட்டில் ஏறிவிடுகிறது. வாசகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும். இந்தக் கோளாறுக்கு எந்த வரைபடச் செயலியையும்விட நல்ல மருந்து, மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் நிலப்படத் தாள். அவர்களுடைய தளத்தில் பதிவு செய்தால் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு தாள் சுமார் 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டும். 2 செ.மீ. என்றால் 1 கி.மீ. மாட்டுவண்டி மணிக்கு 3, 4 கி.மீ. போகும் என்று வைத்தால் தாளைக் கடக்க ஒரு பகல் பிடிக்கும். ஒரு கதைக்கு இவ்வளவு நிலம் தாராளம்.

பெங்களூர்க்காரர்கள் 57 ஹெச்/9 தாளில் (புது எண்முறையில் டி43எக்ஸ்9) பழகலாம். ஆறே இல்லாத மேட்டு முதுகில் ஊர் உட்கார்ந்திருப்பது அதில் தெரியும். பசவனகுடிப் பக்கம் விழுந்த மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டிக் கடலூர் அருகே கடலுக்குப் போகிறது. ஒரே நகரத்து மழை, இரண்டு ஆறு. இப்படி ஒரு மேடு கற்பனை நாட்டில் இருந்தால் எல்லைக்கோடு தானாக விழும், எல்லைச் சண்டையும் கூடவே வரும்.

கட்டட வரைபடம் அச்சடிக்கும் கடையில் ஏ1 அளவில் எடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டால் அளவு மாறிவிடும். கடையை விட்டுக் கிளம்புமுன் தாளிலுள்ள அளவுகோலில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மேலே டிரேசிங் பேப்பர் போட்டு ஓடை, ஏரிகளை மட்டும் பென்சிலில் எடுங்கள். சாலையைத் தொடாதீர்கள், அதைக் கதைதான் போட வேண்டும். பழுப்புச் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) மேட்டுப்பக்கம் கூராக வளைந்தால் அது பள்ளம், ஓடை அதில்தான் ஓடும். பிறகு டிரேசிங் பேப்பரைப் புரட்டிப் போடுங்கள். ஊர் அடையாளம் தெரியாது, தண்ணீர் மட்டும் ஒழுங்காகவே ஓடும். உயரம் முழுவதிலும் 500 மீட்டர் கழித்தாலும் பாதகமில்லை. ஐந்து மடங்கு பெரிதாக்குவதுதான் ஆபத்து: ஒரு வாய்க்கால் மகாநதியாகிவிடும், அதற்குத் தண்ணீர் கொடுக்கும் நிலம் தாளில் இருக்காது.

இந்தத் தாளின் உண்மையான செல்வம் ஏரிகள். ஏரிக்கரை அருகே '6ஆர்' என்றிருந்தால் கரை பக்கத்து நிலத்தைவிட 6 மீட்டர் உயரம். கரைக்குக் கீழே மதகு, அதற்குக் கீழே ஆயக்கட்டு (ஏரி பாயும் வயல்), ஓரத்து மேட்டில் ஊர். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் (மிகுதி நீர் வெளியேறும் கட்டு) வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். மேலூர்க்காரன் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழூரில் நாற்று காயும். வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். அடுத்தடுத்த ஏரிகளுக்கு இடையிலுள்ள சிறு இறக்கம் அதில் பிடிபடாது, ஓடை போகும் திசையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நகரப் பகுதிகளில் கட்டடங்கள் நிலத்தை மூடிவிடுவதால் பழகிய பிறகு கிராமத்துத் தாளுக்கு மாறிவிடுவது நல்லது. தாளிலுள்ள பெயர்களை அப்படியே எடுக்காதீர்கள். பெயரும் தண்ணீரைச் சொல்ல வேண்டும். ஏந்தல், தாங்கல் என்று முடிந்தால் அங்கே ஒரு சின்ன ஏரியாவது இருந்தாக வேண்டும். தெய்வம், சாதி, சந்தை விலை எதுவும் இதில் கிடைக்காது. அவற்றுக்கு மாவட்டக் கெஜட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசின் விவரத் தொகுப்பைத்தான் புரட்ட வேண்டும்.